தையில் திருமணம், ஆனியில் பிஜி

நிச்சயதார்த்த மோதிரம் அவள் விரலுக்கு இன்னும் பழகவில்லை. கட்டைவிரலால் அதை ஒரு சுற்றுச் சுற்றினாள், நிறுத்தினாள், மறுபடியும் சுற்றினாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் அவளுடைய கைப்பை, பைமேல் அவனுடைய ஹெல்மெட். ஹெல்மெட்டிலிருந்து கார்த்திகை மழை சொட்டி, பை நனைந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

சேலம் ஃபேர்லாண்ட்ஸ் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். சுவரில் ஈபிள் கோபுரமும் பத்துமலை முருகனும் ஒரே அளவுச் சட்டத்துக்குள் இருந்தார்கள். என் அம்மாவின் காசி டிக்கெட்டில் பெயர் பிழையாக விழுந்திருந்தது. திருத்தித் தரும்வரை உட்காருங்கள் என்று என்னை ஓரத்து நாற்காலியில் வைத்திருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் கம்ப்யூட்டர் இருந்தும், கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுகிற பழக்கம் அவருக்கு.

“பிஜி,” என்றான் அவன். “பிப்ரவரி முதல் வாரம். வாட்டர் வில்லா. ஏழு நைட்டுங்க.”

“கல்யாணம் எப்பங்க தம்பி?”

“ஜனவரி கடைசிங்க. பெங்களூர்ல வேலை. மூணு வாரம் லீவு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள கல்யாணம், மறுவீடு, இது எல்லாம் முடியணும்.”

‘இது’ என்று அவன் சொன்னபோது அவள் மோதிரத்தை விட்டுவிட்டுத் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் ஃபோனைத் திருப்பி அந்த அம்மாவிடம் காட்டினான். நான் இருந்த இடத்திலிருந்தே படம் தெரிந்தது. அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், கால் நட்டு நிற்கும் ஓலைக் கூரை வீடு, தண்ணீருக்குள் இறங்கும் மரப்படி, படியில் இரண்டு ஜோடிச் செருப்பு. தீவுகளை இன்று உலகம் முழுக்க இந்த ஒரு படத்தை வைத்துத்தான் விற்கிறார்கள். அதில் காற்றும் தெரியாது, ஓதமும் வற்றும் தெரியாது, மாதமும் தெரியாது. கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து, அதற்குள் தங்கள் முகத்தைப் பொருத்திக்கொண்டு விடுகிறார்கள்.

அந்த அம்மா படத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பினார். ஒரு வட்டம் போட்டுச் சென்னை என்று எழுதினார். கீழே சரிவாக ஒரு கோடு, சிங்கப்பூர். அங்கிருந்து தாள் ஓரம்வரை நீளமாக இன்னொரு கோடு.

“சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரம். அங்க காத்திருக்கணும். அப்புறம் நான்டிக்குப் பத்து மணி நேரம். மணியும் ஆறரை மணி நேரம் முன்னாடி ஓடும். இங்க ராத்திரி ஒம்பதுன்னா அங்க மறுநாள் விடிகாலை மூன்றரை. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு நாள் பயணத்துலயே போயிடும். அதுகூடப் பரவாயில்ல. பிப்ரவரிதான் யோசனையா இருக்கு.”

“ஏங்க, சீசன் இல்லையா?”

“சீசன்தான், புயல் சீசன். நவம்பர்ல ஆரம்பிச்சா ஏப்ரல் முடியறவரைக்கும் மழைக்காலம். தினம் புயலடிக்கும்னு சொல்லல. நல்ல வெயில் அடிச்சுட்டே இருக்கலாம். ஆனா 2016 பிப்ரவரியில வின்ஸ்டன்னு ஒரு புயல் வந்துச்சு. நாப்பது பேருக்கு மேல செத்துப்போனாங்க. ஊரு ஊரா வீடு போச்சு. பணத்த வாங்கிட்டு அந்த மாசத்துல உங்கள நான் அனுப்பிட்டு, இங்க உக்காந்து டிவி பாத்துட்டு இருக்க முடியாதுங்க தம்பி.”

வியாபாரம் செய்கிறவர் இப்படிச் சொல்வதைக் கேட்க எனக்கு நிறைவாக இருந்தது. ‘போக வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவரிடம்தான் பயணத்துக்கு யோசனை கேட்க வேண்டும். விலை குறைந்திருக்கிறதே என்று மழைக்காலத்து அறையைத் தலையில் கட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. அங்கே போய் ஜன்னல் வழியாகச் சாம்பல் நிறக் கடலைப் பார்த்துக்கொண்டு, எடுத்துப்போன புதுத் துணிகளைப் பெட்டியிலேயே வைத்துத் திரும்பிய ஜோடிகளை நான் அறிவேன்.

“அப்ப மாலத்தீவு?” என்றார் அந்த அம்மா. “பிப்ரவரிக்கு அதுதான் சரி. மழை இருக்காது. பக்கம். செலவும் பாதியாகும். நீங்க காட்டற மாதிரி வில்லாவும் அங்கதான் எக்கச்சக்கம். பிஜியில தண்ணி மேல கட்டின வீடு ரொம்பக் குறைச்சல், மலோலோ தீவு மாதிரி ரெண்டொரு எடத்துலதான்.”

கெட்டியான யோசனை. யாராக இருந்தாலும் அதற்குத் தலையாட்டியிருப்பார்கள். அவன் ஆட்டவில்லை.

“பிஜிதாங்க.”

“அப்படி என்னங்க அங்க?”

அவன் பதில் சொல்லாமல் அவள் பக்கம் திரும்பினான். வந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரும்பினான். “இவ சொன்னாங்க,” என்றான். ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடித்தான். தனியே பேசும்போது ஒன்றும், பெரியவர்கள் முன் ஒன்றுமாக அவன் வைத்திருந்த இரண்டு மரியாதைகளும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிட்டன. காது மடல் சிவந்திருந்தது.

அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். “நீ சொல்லு கண்ணு.”

அவள் குரல் நான் நினைத்ததைவிடத் தெளிவாக இருந்தது. “எட்டாவது படிக்கறப்ப பாட்டுப் போட்டிங்க. எங்க டீச்சர் பாரதியாரோட பிஜி பாட்டு குடுத்தாங்க. கரும்புக் காட்டுல வேலை செஞ்ச நம்ம பொண்ணுங்களப் பத்தி. பாதியில அழுதுட்டேன். பிரைஸ் கெடைக்கல. அந்தத் தீவு இப்ப எப்படி இருக்கும்னு அடிக்கடி நெனைப்பேன். ஒரு நாள் இவருகிட்ட ஃபோன்ல சும்மா சொன்னேன். அதுக்குப் போயி…”

மேற்கொண்டு பேசவில்லை. அவன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிச்சயமான பிறகு கல்யாணம்வரை நம் பிள்ளைகள் ஃபோனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். என்னதான் பேசுவார்களோ என்று வீட்டுப் பெரியவர்கள் வியக்கிறார்கள். இதைத்தான் பேசுகிறார்கள். எட்டாம் வகுப்பில் அழுத கதையை ஒருத்தி சொல்கிறாள். கேட்டவன் மறக்காமல் வைத்திருந்து, ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீவுக்கு விலை விசாரிக்க மழையில் வந்து நிற்கிறான். ஆனால் அவனுக்கு அந்தத் தீவு என்றால் ஃபோனில் இருந்த படம். அவளுக்கு அது கரும்புக் காடு. இருவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு இடங்களுக்குப் புறப்பட்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டின் பின்னால் இருக்கிற கணக்கு சிறியதல்ல. 1879-இல் லியோனிடாஸ் என்ற கப்பல் இந்தியக் கூலிகளை முதன்முதலில் பிஜியில் இறக்கியது. அதிலிருந்து 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டவர்களை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுபோனார்கள். அந்த மக்கள் அதைக் கிர்மிட் என்றார்கள். முதலில் கல்கத்தாவிலிருந்து மட்டும் கப்பல் போயிற்று. 1903 முதல் சென்னையிலிருந்தும் போயிற்று. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அதில் ஏறினார்கள். நீராவிக் கப்பலிலேயே ஒரு மாதம் ஆகும். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விகிதம் வைத்து ஆள் சேர்த்தார்கள். அந்த நாற்பது பேர் பட்டதைத்தான் பாரதியார் பாடினார். ஒரு நீண்ட கொட்டகையை வரிசையாகத் தடுத்த சிற்றறைகளில் வாழ்க்கை, விடியுமுன் வேலை, கங்காணியின் சவுக்கு. 1920 ஜனவரி 1-ஆம் தேதிதான் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களையும் ரத்து செய்தார்கள். திரும்பியவர்கள் திரும்ப, மற்றவர்கள் அங்கேயே வேர் பிடித்தார்கள். இன்று பிஜி மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம்.

அதே கடல்தான் ஃபோனில் நீலமாக விரிந்து கிடந்தது.

அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்தது. “அப்ப நீங்க தீவுலயே ஏழு நாளும் இருந்தீங்கன்னா எப்படி?” என்று அவனைக் கேட்டார். “பொண்ணு கேக்கற எடம் பெரிய தீவுலல்ல இருக்கு! விட்டி லெவு. நான்டியில எறங்கினா, கடைவீதிக் கடைசியில சிவசுப்பிரமணிய சுவாமி கோயில். நம்மூர்க் கோபுரம், நம்மூர் வண்ணம். அங்கிருந்து லவுத்தோகா பக்கம். பெரிய சர்க்கரை ஆலை இருக்கு. கரும்பு ஏத்திட்டுப் போறதுக்குன்னே சின்ன ரயில் ஓடும்.”

அவள் நிமிர்ந்தாள். “ரயிலா?”

“ஆமா கண்ணு. ஆனா பிப்ரவரியில ஓடாது. கரும்பு வெட்டு ஜூன்லதான் தொடங்கும். வருஷக் கடைசி வரைக்கும் ஓடும்.”

நோட்டில் ஜூன் என்று எழுதி ஒரு கட்டம் போட்டார். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை குறைவு, வெயிலும் கடுமையில்லை, ராத்திரி லேசாகக் குளிரும். அவனுக்கு வேண்டிய நீலக் கடல் அந்த மாதத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு வேண்டிய கரும்பும் அந்த மாதத்தில்தான் இருக்கிறது. நான் மனசுக்குள் ஜூன், ஜூன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் விடவில்லை. “கல்யாணமாகி அஞ்சு மாசம் கழிச்சு ஹனிமூனுங்களா? எங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?”

“பிப்ரவரியில ஏற்காடு போயிட்டு வாங்க. ஒரு மணி நேரத்துல மேல போயிடலாம். யாரு வேண்டாங்கறா?” என்றார் அந்த அம்மா. “அந்த மூணு வாரத்துல அவசரமா ஓடினா கல்யாணக் களைப்போட போய்த் தூங்கிட்டுத்தான் வரணும். மண்டபத்துல ரெண்டு நாள் நிக்கறதே பெரும்பாடு. அதுக்கு மேல பதினாலு மணி நேரம் விமானம்னா பொண்ணு தாங்குமா?”

பெண்ணுக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்த அறையில் முதலில் சொன்னவர் அவர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு கணக்கு ஆனி, ஆடி என்று தமிழ் மாதத்துக்கு மாறிவிட்டது. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும்; தலை ஆடி; பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். அதற்கு முன் போய்வர வேண்டும். ஜூன் கடைசியில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பள்ளி விடுமுறை தொடங்கும். அந்தக் கூட்டம் முழுக்கப் பிஜிக்குத்தான் வரும், விலையும் ஏறும். ஆகவே அதற்கும் முன். இப்படி இரண்டு பக்கமும் நெருக்கிக் கடைசியில் ஜூன் மூன்றாவது வாரம், ஆனி பிறக்கிற சமயம், என்று வந்து நின்றது. பஞ்சாங்கமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து தேதி குறித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்த அம்மா குரலைத் தணித்தார். “தேதி மாத்திக்கற மாதிரி டிக்கெட்டு போடறேன். கொஞ்சம் கூடத்தான் ஆகும். அஞ்சு மாசம்கறது… நடுவுல நல்ல சேதி ஏதாச்சும் வரலாம். வந்தா டாக்டர் சொல்றபடிதான்.”

அவனுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, “போடுங்க அக்கா,” என்றாள். அதுவரை அவரை அவள் எதுவும் சொல்லி அழைக்கவில்லை.

அடுத்து அறை. இதில்தான் நேரம் பிடித்தது. அந்த அம்மா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். நான்டிக்கு மேற்கே மாமனூக்கா தீவுக் கூட்டம். தெனராவ் துறையிலிருந்து படகில் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதற்கு வடக்கே யசாவா; இன்னும் அமைதி, ஆனால் படகிலேயே அரை நாள் போய்விடும். சிறு விமானத்திலும் போகலாம், பகலில் மட்டும். பெட்டி எடைக்குக் கட்டுப்பாடு. படகுக் கட்டணம் அறை வாடகையில் சேராது. தீவில் வேறு கடை கிடையாது என்பதால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்தே கட்டிவிட வேண்டும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தொகை எழுதினார். படத்தில் இருந்த வீட்டுக்கு எழுதிய தொகை ஆறு இலக்கம். அவன் மூச்சை இழுத்து, “சரிங்க,” என்றான்.

“ராத்திரியில கீழ தண்ணி இருக்கும்ல?” என்றாள் அவள்.

“அதுதானே அழகு,” என்றான்.

“எனக்கு நீச்சல் தெரியாதுங்க.”

“நான் இருக்கேன்ல. எங்க தோட்டத்துக் கெணத்துல ஆறு வயசுல குதிச்சவன்.”

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் நன்றாகக் கவனித்தேன். எத்தனையோ பெண்கள் அந்த இடத்தில் சிரித்துத் தலையாட்டிவிடுவார்கள். ஆறு இலக்கம் கொடுத்து ஒருவன் ஆசையாக எடுக்கும் அறையில் எனக்குத் தூக்கம் வராது என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் போய், ஐந்து ராத்திரி பலகைக்கு அடியில் அலை இடிக்கிற சத்தத்தைக் கேட்டு விழித்துக் கிடந்து, பகலில் படத்துக்குச் சிரித்துவிட்டு வருவார்கள். சொல்லிவிடு பெண்ணே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வழியில் பார்க்கிற யாரோ சொல்லித் தரக்கூடிய சொல் அல்ல அது. வாயை மூடிக்கொண்டேன்.

“நீங்க தூங்கிடுவீங்க,” என்றாள். “நான் முழிச்சிருப்பேன். தண்ணி சத்தம் கேட்டுட்டே இருந்தா எனக்குப் பயம். கரையில இருக்கற வீடு போதுங்க எனக்கு. கால மண்ணுல வெச்சு எறங்கணும்.”

அவன் ஃபோனை எடுத்தான். அந்தப் படத்தை ஒரு முறை பார்த்தான். எவ்வளவு நாளாக வைத்திருந்த படமோ! பிறகு ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “கரை வீடே போடுங்க,” என்றான். முகத்தில் ஒரு வாட்டம் இருந்தது, மறைக்கவில்லை. மறைக்காததுதான் எனக்குப் பிடித்தது. அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவன் வாட்டத்தோடு ஏற்றுக்கொண்டான். குடும்பம் நடத்த வேண்டிய இரண்டு பேருக்கு இதைவிட நல்ல ஒத்திகை அமையாது.

“பூரேன்னு சொல்லுவாங்க,” என்றார் அந்த அம்மா. “ஓலைக் கூரைதான். வாசல்ல மணல். இன்னொண்ணு, பவளப்பாறைக்கு உள்பக்கம் கடல் ரொம்ப ஆழமிருக்காது. ஓதம் வத்தினா முழங்கால் அளவுகூட இருக்காது சில எடத்துல. நீச்சல் தெரியாதவங்களுக்குச் சௌகரியம். தெரிஞ்சவங்களுக்கு எந்த நேரமும் நீந்தற மாதிரி கரை எதுன்னு கேட்டுப் போடறேன்.” கடைசி வாக்கியம் அவனுக்கு. வாட்டம் கொஞ்சம் தெளிந்தது.

சாப்பாட்டுப் பேச்சு வந்தது. அவள் சைவம். “ஒண்ணும் கெடைக்காதுன்னு பொடி, ஊறுகாய் கட்டிக் குடுப்பாங்க அம்மா,” என்றாள். கொண்டுபோகிற தின்பண்டம் எதுவானாலும் விமான நிலையத்தில் மறைக்காமல் எழுதிக் காட்ட வேண்டும், பூ, பழம், விதை வேண்டவே வேண்டாம், தீவுக்காரர்கள் அதில் கண்டிப்பு என்று அந்த அம்மா எச்சரித்தார். அப்புறம் அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லத் தொடங்கினார். ரொட்டியும் குழம்பும் அந்த நாட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. சேப்பங்கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைப்பார்கள். சேப்பங்கிழங்கு. மரவள்ளிக்கிழங்கு.

“மரவள்ளியா?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சேலத்துக்காரர்கள், ஜவ்வரிசி ஆலைகளின் வாசத்தில் வளர்ந்தவர்கள். அவ்வளவு தூரத்துத் தீவில் மரவள்ளி இருக்கிறது என்பதில் அவர்களுக்கு என்னவோ ஒரு நிம்மதி. நடுவில் இருந்த ஹெல்மெட்டை அவன் அப்போதுதான் எடுத்துத் தரையில் வைத்தான்.

கிராமம் பார்க்கப் போவதைப் பற்றியும் பேச்சு வந்தது. பிஜிக் கிராமத்துக்குள் நுழைகிறவர்கள் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை ஊர்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்பது அங்கத்திய மரபு. அந்த வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்து எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பார்கள். மிளகும் வெற்றிலையும் சேர்ந்த அதே செடிக் குடும்பம்தான் அதுவும்.

“நாம வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கற மாதிரிங்களா?” என்றாள்.

“அதேதான் கண்ணு. தோள் மறைக்கற துணி கட்டிக்கணும். ஊருக்குள்ள தொப்பி போடக் கூடாது.”

“சேலை கட்டிக்கறேன்.” அவன் பக்கம் திரும்பி, “நீங்க கூலிங் கிளாஸ மண்டையில ஏத்திக்காதீங்க,” என்றாள். அவன் சிரித்தான். ஆபீஸ் பையன் வைத்துவிட்டுப் போயிருந்த டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் எடுத்துக் குடித்தார்கள்.

பாஸ்போர்ட் எடுத்தார்கள். அவளுடையதில் அவள் பெயரும் அப்பா பெயரும் இருந்தன. “அத்தை, கல்யாணத்துக்கு அப்புறம் பேரு மாத்தணும்னு சொன்னாங்க,” என்றாள் கொஞ்சம் தயக்கமாக. அந்த அம்மா தலையை அசைத்தார். டிக்கெட்டில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் ஒன்றை மாற்றினால் விமான நிலையத்தில் வம்பு. ஒரே டிக்கெட்டாக எடுத்துப் பெட்டியை நேராக நான்டிக்கே போட்டுவிட்டால் சிங்கப்பூரில் வெளியே வர வேண்டியதில்லை, அங்கே விசாவும் வேண்டாம். பிஜிக்கு இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. திரும்பி வர டிக்கெட்டும், ஆறு மாதம் உயிருள்ள பாஸ்போர்ட்டும், தங்குமிடச் சீட்டும் இருக்க வேண்டும். “பேரு மாத்தறது கட்டாயமில்ல. மாத்தணும்னா திரும்பி வந்து யோசிங்க,” என்றார்.

“அப்படியே இருக்கட்டும்,” என்றான் அவன். “அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

மொத்தத் தொகை வந்தது. அதன் மேல் டி.சி.எஸ். என்று ஒரு பிடித்தம். வருமான வரிக் கணக்குக் காட்டும்போது கழித்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். அவன் கார்டை நீட்டினான்.

“பாதி என்னுது,” என்றாள் அவள்.

“உங்கப்பா தர்றேன்னு சொன்னப்பவே வேண்டாம்னுட்டேன். அப்புறம் எதுக்கு?”

“அப்பா காசு இல்லைங்க. என் சம்பளம்.” ஃபோனை எடுத்து மேஜையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டைக்கு நேரே பிடித்தாள். “எனக்கு அந்த ஊர்ல ரெண்டு நாள் வேணும்னு கேட்டிருக்கேன்ல. கேக்கறவங்க குடுக்கணும்.”

நான்டியிலும் லவுத்தோகாவிலும் இரண்டு இரவு, பிறகு மாமனூக்காவில் ஐந்து இரவு என்று முடிவாயிற்று. தீவுக்கு முதலிலேயே போனால் பெரிய தீவுக்குத் திரும்ப மனம் வராது என்பதால் கரும்புக் காட்டை முன்னால் வைத்தது அந்த அம்மாவின் யோசனை. நல்ல யோசனை. எனக்கும் காசி டிக்கெட் கைக்கு வந்துவிட்டது.

தேனிலவுக்குத் தூரத்துத் தீவுகளைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் பெருகிவருகிறார்கள். போகட்டும், சம்பாதிக்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிஜியோ மொரீஷியஸோ, நம்மவர் கரும்பு வெட்டிய மண்ணுக்குப் போனால், கடற்கரைக்கு ஒதுக்கிய நாளில் ஒன்றை அந்த மண்ணுக்குக் கொடுங்கள். அங்கே கோயில்கள் இருக்கின்றன, பழைய ஆலைகள் இருக்கின்றன, நம்முடைய பெயர்களை வைத்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், அறை எப்படி வேண்டும் என்று கூட வருகிறவரிடம் கேட்டுவிடுங்கள்.